பதினேழாம் எண்ணுக்கு ஒரு பெயர்

பின்லாந்தின் தம்பெரே பல்கலைக்கழகத்தில், சமூகப்பணித் துறையில் ரீக்காவுக்கு வாரத்தில் மூன்று பிற்பகல் வேலை. தனியாக வாழும் முதியவர்களின் பேட்டிப் பதிவுகளைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். உண்மைப் பெயரை எடுத்துவிட்டு, மனதில் தோன்றும் ஒரு புனைபெயரைப் போட வேண்டும்.

பதினேழாம் எண் பாட்டிக்கு 'ஹில்க்கா' என்று போட்டாள். மார்ச்சில், பக்கத்து அறை ஆய்வாளன் யார்க்கோ எடுத்த பேட்டி அது. பாட்டி மே மாதமே இறந்துவிட்டார்.

பதிவில் யார்க்கோவின் குரல்: "உங்க பேரை மாத்திடுவோம்மா, பயப்படாதீங்க."

"மாத்திக்கோ தம்பி. ஹில்க்கான்னு மட்டும் வேணாம். ஏரியில முழுகிப் போன என் தங்கச்சி பேரு அது."

ரீக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்து அறைக்கு ஓடினாள்.

யார்க்கோ சிரித்தான். "அந்தம்மா அப்படி எதுவும் சொல்லலையே! காபி குடிக்காம உக்காந்தா இப்படித்தான் காதுல விழும்."

திரும்பி வந்து ஹெட்ஃபோனை மாட்டினாள். ஹில்க்காவை அழித்து 'எல்லி' என்று அடித்தாள். பதிவை ஓடவிட்டாள்.

"எல்லி பரவால்ல," என்றார் பாட்டி. "அந்தப் பொண்ணைக் கதவைச் சாத்தச் சொல்லு, குளிருது."

"எந்தப் பொண்ணும்மா? இங்க நாம ரெண்டு பேருதானே இருக்கோம்?" என்றது யார்க்கோவின் குரல்.

ரீக்கா திரும்பிப் பார்த்தாள். வந்த வேகத்தில் அவள் சாத்த மறந்த கதவு திறந்தே கிடந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சாத்தினாள்.

மேஜையிலிருந்து சன்னமாகக் கேட்டது: "நல்லாருப்பே, கண்ணு."