பக்கவாட்டில் அழுத்தியபோது

ஜனவரி 19, திங்கள்.

பதினாறு நாட்களாக ஒரு சிறு தவறு செய்துவந்திருக்கிறேன். அண்ணியின் வலது குதிகாலைக் கீழிருந்து மட்டுமே அழுத்திப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் அழுத்தவில்லை.

சிறு தவறு என்று எழுதியது சரியா, தெரியவில்லை.

இன்று பிசியோதெரபி உதவியாளர் மாலை வகுப்பில் சகாயம் சார் ஒரு மாணவரை மேசைமேல் உட்காரவைத்தார். குதிகாலின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். இங்கே வலித்தால் பெரும்பாலும் பாதத்தின் அடியில் ஓடும் நார் புண்பட்டிருக்கும் என்றார். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் உயிர் போகும். நடக்க நடக்கக் கொஞ்சம் தணியும். ஐஸ், நீட்டிப் பயிற்சி, மெத்தென்ற செருப்பு.

இவ்வளவும் என் நோட்டில் இருக்கிறது. அண்ணிக்கு இதைத்தான் செய்துவந்தேன், செருப்பைத் தவிர.

பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் குதிகாலைப் பிடித்து இரு பக்கமும் நெருக்கினார். இப்படி நெருக்கி வலித்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம். நிற்க நிற்க வலி கூடும். அப்போது பயிற்சி எதுவும் கிடையாது. டாக்டர் பார்த்து எக்ஸ்ரே எடுக்கும்வரை காலை ஊன்ற விடக் கூடாது.

இது என் நோட்டில் இல்லை.

வகுப்பு முடிந்ததும் சாரிடம் அண்ணியின் வலி எண்களைக் காட்டினேன். பத்துக்கு எத்தனை என்று தினமும் கேட்டு எழுதியவை. எட்டு, எட்டு, ஏழு, ஏழு, ஆறு, ஆறு. அப்படியே இறங்கி நேற்று ஒன்று. பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"கால்வலி இவ்வளவு ஒழுங்கா எறங்காதும்மா," என்றார்.

மார்கழியில் பழனிக்கு மாலை போட்டதிலிருந்து அண்ணி செருப்பைத் தொடவில்லை. ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் வெறுங்காலோடு நிற்கிறார். விடிவதற்குள் ஆறு கிலோமீட்டர் நடந்து பழகுகிறார். அடுத்த திங்கள் குழுவோடு புறப்பட வேண்டும். ஆறு நாள் நடை.

வீட்டுக்கு வந்ததும் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

நாத்தனார் மடியில் கால் வைக்க எந்த அண்ணிக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் காலை நீட்டினார்.

பிடித்தேன்.

"வலிக்கல," என்றார்.

நான் இன்னும் நெருக்கவே இல்லை.

நெருக்கினேன். அவருடைய இடது காலின் விரல்கள் சுருண்டு தரையைப் பற்றின. முகத்தில் ஒன்றும் இல்லை.

இன்றைக்கு எத்தனை என்று கேட்டேன். ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னார்.

போடவில்லை.

அண்ணன் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். இடுப்பில் கம்பி வைத்ததிலிருந்து அவர் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். அண்ணி அவர் போவதையே பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தாரணி, மூணு வருசம் நடந்து வர்றேன்னு சொல்லித்தான் ஐசியூ வாசல்ல உக்காந்திருந்தேன். அவரு எந்திரிச்சு வந்துட்டாரு. இது மூணாவது வருசம். நான் போய்ட்டு வந்துர்றேன். அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்."

மடியிலிருந்த காலை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தேன். எவ்வளவு மெதுவாக வைத்தால் சரி என்று தெரியவில்லை.

மாடிக்குப் போய் நடைக்குழுத் தலைவர் வேலுச்சாமிக்குப் போன் செய்தேன். அண்ணியின் பெயரைச் சொல்லவில்லை. நேர்ந்துகொண்டவர் நடக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்டேன். அதே வீட்டில் இன்னொருவர் நடக்கலாம் என்றார். நாளைக்குள் மாலை போட்டுவிட வேண்டும். நேர்ந்தவர் தன் வாயால் ஒப்படைக்க வேண்டும். மற்றவர்கள் எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு, "யாரு, செல்வியா?" என்றார்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. போனை வைத்துவிட்டேன். அதுவும் தவறாக இருக்கலாம்.

செய்முறைத் தேர்வு 28ஆம் தேதி. தவறவிட்டால் அடுத்தது ஜூனில்.

நான் இதுவரை நடந்த அதிக தூரம், பேருந்து நிலையம் வரை.

நாளை:

காலை ஏழரைக்கு அண்ணியோடு அரசு மருத்துவமனை, எக்ஸ்ரே. ஆட்டோவில்.

விரிசல் இருந்தால், இந்த வருடத்து நடையை எனக்குத் தரும்படி அண்ணியிடம் கேட்க வேண்டும்.