மக்கர் பண்ணாத கார்

“உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும், அண்ணே! தினமும் காலையில மக்கர் பண்ணிட்டிருந்த கார், ஒரு மாசமா சாவியைத் திருப்பினதும் கிளம்புது!” என்றாள் அவள், தன் பழைய காரைத் தட்டிக்கொடுத்தபடி.

மெக்கானிக் நெளிந்தார். “நான் ஒண்ணுமே பண்ணலைம்மா. இது அந்தக் கால இன்ஜெக்‌ஷன் பம்ப். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடுற பார்ட் போயிடுச்சு, எங்கேயும் கிடைக்கல. காலையில போராடி ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் சூடேத்தினாத்தான் அப்புறம் சொன்ன பேச்சு கேக்கும்னு போன்ல உங்க மாமியார்கிட்ட சொன்னேனே?”

“அவங்களுக்கு இந்த டப்பாவைக் கண்டாலே ஆகாது. ஏழு மணியானா ‘போய்க் குளி, போய்க் குளி’ன்னு என்னை விரட்டுறதுதான்...”

சட்டென்று நிறுத்தினாள்.

மறுநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஓசைப்படாமல் வந்து ஜன்னல் வழியே பார்த்தாள். இருமுகிற இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் மாமியார்.

“கிளம்பித் தொலையேன், டப்பா! அவளுக்கு ஆபீஸுக்கு நேரமாகுதில்ல?”

அவள் சத்தமில்லாமல் திரும்பிப் போய், நிதானமாகக் குளித்துவிட்டு வந்தாள்.

“இவ்வளவு நேரமா குளிப்பே?” என்று சீறினார் மாமியார்.

குளிரில் விறைத்திருந்த அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள் மருமகள்.

“இன்ஜின் சூடாக வேண்டாமா, அத்தை?”