பெயர் வரும் வரை

“சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வைக்கச் சொல்றியே, உனக்கென்ன பைத்தியமா தம்பி?”

கிரேக்கத்தின் மானி மலையூருக்கு வந்த நாளிலிருந்து யூரெக் வாங்கும் ஏச்சு இது. மொழி படிக்கவும் ஒப்பாரிகளைப் பதிவு செய்யவும் போலந்திலிருந்து வந்த மாணவன் அவன். ஏசுகிறவள் அவன் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஸ்தமாத்தா. அந்தப் பக்கத்திலேயே பேர்போன ஒப்பாரிக்காரி.

“ரெண்டே வரி, அக்கா!”

“சும்மா பாடினா சாவை வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி. போ, சூப் ஆறுது.”

சிக்னல் கிடைக்காத மேலூர்களைச் சுற்றிவிட்டு அன்று அவன் திரும்பியபோது, முற்றம் நிறையப் பெண்கள். ஸ்தமாத்தா தலைத்துணியை அவிழ்த்துக் கூந்தலை விரித்திருந்தாள்.

“உட்காரு. பாடப் போறேன்.”

சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவசரமாக ரெக்கார்டரை எடுத்து வைத்தான்.

“யாரு அக்கா செத்தது?”

“பேரைக் கடைசியிலதான் சொல்லணும். அதுதான் முறை.”

மார்பில் அடித்துக்கொண்டு தொடங்கினாள். அவன் வரி வரியாக மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான்.

“பனி கொட்டும் ஊரிலே பாதை பார்த்திருந்தவளே...”

அருமையான வரி என்று தலையாட்டினான்.

“மஞ்சள் நூலெடுத்து மகனுக்குச் சால்வை பின்னினவளே...”

அவன் கை தன் கழுத்தில் கிடந்த மஞ்சள் சால்வைக்குப் போனது.

“காபிக் கடைக்குப் போன் வந்ததே, பெத்த மகன் மலைமேல இருந்தானே... ஹலீனா!”

அவன் அம்மாவின் பெயரைப் பெண்கள் எல்லோரும் திருப்பிச் சொல்லி அழுதார்கள்.

அகராதியைப் புரட்டாமல் ஒரு பாட்டு முழுதாக அவனுக்குப் புரிந்தது அன்றுதான்.