ஒப்பீட்டு அரிசி

பிப்ரவரி 6, வியாழன். தவறு: ஒப்பீட்டுக்கு வைத்திருந்த சுத்தமான அரிசி தீர்ந்துவிட்டது. யாரையும் கேட்காமல் எங்கள் வீட்டு அரிசியை வைத்துவிட்டேன்.

கல்லூரி ஆய்வகத்தின் மாலை வகுப்பில் அதுதான் விதி. நோட்டின் முதல் வரி அன்றைய தவறு. கடைசி வரி நாளைய வேலை. அடித்தல் திருத்தல் கூடாது.

சொந்த வயலில் விளைந்த அரிசி. அதைவிடச் சுத்தமாக எது இருந்துவிடும் என்று அவள் நினைத்திருந்தாள்.

கடைகளில் வாங்கிய பத்து மாதிரிகளும் வரம்புக்குள் நின்றன.

அவள் கொண்டுபோனது நிற்கவில்லை. காட்மியம் என்ற நச்சு உலோகம், வரம்பைப்போல் மூன்று மடங்கு.

குடுவையைச் சரியாகக் கழுவவில்லை போலும். வெள்ளிக்கிழமை மறுபடி அமிலத்தில் கழுவினாள். மறுபடி அரிசியைக் கரைத்து, உலோகத்தை அளக்கும் நிறை நிறமாலைமானியில் ஏற்றினாள்.

அதே எண்.

தவறு தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, சனிக்கிழமை மூன்றாம் முறையும் செய்தாள்.

அதே எண்.

வயலுக்கு மேற்கே ஒரு முலாம் பட்டறை. அதன் கழிவுநீர் விழும் வாய்க்காலில்தான் அவர்களுக்குப் பாசனம்.

அன்று சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம் சொன்னாள். பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்துட்டேம்ப்பா."

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். அம்மா சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தாள்.

"மாட்டுக்கு வைக்காத. சினையா இருக்கு" என்றார் அப்பா.

பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்குன்னு எடுத்துவச்ச நாலு மூட்ட நெல்லையும் நாளைக்கு அறுப்புக் கூலிக்கு அளந்துரு."

"அறுப்புக்கு வந்த ராசகிளி அக்கா கைக்கொழந்தக்காரிப்பா."

"அவ என்ன மெஷின்லயா போட்டுப் பாக்கப் போறா?" சிரித்தார். "நீயே அள. படிச்ச புள்ள, கூடக்கொறைய இல்லாம அளப்ப."

கொல்லையில் அம்மா குழி வெட்டும் சத்தம் கேட்டது.

அவள் நோட்டைத் திறந்தாள்.

முதல் வரியில் பேனாவை வைத்தாள். எடுத்தாள். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுக் கடைசி வரிக்குப் போனாள்.

நாளை: காலை ஏழு மணி. நெல் அளக்கும் மரக்காலைக் கழுவிக் காயவைக்க வேண்டும். ராசகிளி அக்காவுக்கு ஆறு மரக்கால்.