பழம் விட்ட நாள்

பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணம் இருப்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள். அதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகளையே கேள்வி எழுதச் சொல்லியிருந்தாள், அதைத் தயாரிக்கும் பூங்குழலி. செஞ்சியில் எட்டாம் வகுப்பு படிக்கும் செல்வராணி எழுதியது மட்டும் அவளுக்கு விளங்கவே இல்லை.

'கா விட்ட எல்லார்கிட்டயும் ஒரே நாள்ல பழம் விட்டியா?'

"சண்டை போட்டவங்ககிட்ட ராசியாவுறது நல்லதுதானம்மா?"

எதிரில் நின்ற செல்வராணியிடம் கேட்டுவிட்டு, பூங்குழலியே தொடர்ந்தாள்.

"என் பொண்ணு ரெண்டு வருஷமா அவ அத்தைகூடப் பேசல. நேத்து அவளே போன் பண்ணிப் பேசினா. தம்பிகிட்ட, சிநேகிதிங்ககிட்ட, எல்லார்கிட்டயும் ராசியாயிட்டா. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? இதப் போயி ஆபத்துன்னா எப்டி?"

"எங்க அக்காவும் அப்டித்தான் மிஸ், எல்லார்கிட்டயும் பழம் விட்டுச்சு. நைனாகூட சந்தோஷப்பட்டாரு. மறுநாள் அக்கா இல்ல."

பூங்குழலி அந்தக் கேள்வியை மறுபடி படித்தாள்.

"உங்க பொண்ணு இப்ப யார்கூட இருக்குது மிஸ்?"

"தலைவலின்னு லீவு போட்டு வீட்லதான்..." என்றவள், முடிக்காமல் போனை எடுத்தாள்.

மணி ஏழெட்டு முறை அடித்த பிறகே குரல் வந்தது.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லடா. போனை வச்சிடாத, பேசிக்கிட்டே இரு. அம்மா வந்துட்டிருக்கேன்."