எந்த அடுக்கு

அகழாய்வுக் குழிக்குள் இறங்கியதும் அவள் கண் அந்த இடத்துக்குத்தான் போனது.

வளையைக் காணோம்.

எழுத்து கீறிய பானை ஓடு நேற்று கிடைத்தது அதற்குள்தான். எலி தோண்டிய வளை. மேலடுக்கு மண் சரிந்து, அதோடு ஓடும் உள்ளே வந்து விழுந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் அது கீழடுக்கின் ஓடு. சில நூற்றாண்டுகள் கூடுதல் பழமை.

இயக்குநர் சொக்கலிங்கத்திடம் நேற்றே சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டும் அகழாய்வு நடக்க இப்படி ஒன்று தேவை என்றார். அவளுடைய தற்காலிக வேலையை நிரந்தரமாக்கப் பேசியிருப்பதாகவும் சொன்னார்.

இன்று வளை இருந்த இடத்தில் ஈரமான கறுப்பு மண். அப்பி, வழித்து, சுவரோடு சுவராக்கியிருந்தார்கள்.

குழியின் விளிம்பைச் சுற்றி நிருபர்கள். கேமராக்கள் அவளை நோக்கிக் குனிந்திருந்தன.

"கண்டெடுத்தது இந்தப் பொண்ணுதான்," என்றார் இயக்குநர். "எந்த அடுக்குல கெடச்சதுன்னு நீயே காட்டும்மா."

இந்த வேலைக்காக வங்கி வேலையை விட்டவள். அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.



ஒன்றும் பேச வேண்டாம். சும்மா கை காட்டினால் போதும்.

கையை நீட்டினாள். விரல்கள் சுவரைத் தொட்டன.

அழுத்தினாள்.

மணிக்கட்டு வரை உள்ளே போனது.

ஈர மண் கட்டியாகப் பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது.

"இது எலி வளைங்க. ஓடு மேலடுக்குல இருந்து இதுக்குள்ள விழுந்திருக்கு. அதுக்கு மேலடுக்கோட வயசுதான்."



இயக்குநர் ஏணியில் இறங்கி வந்தார். நிதானமாக. அவள் மறு கையிலிருந்த, மண் சுரண்டும் கரணையை வாங்கினார். மிச்ச மண்ணைத் தானே சுரண்டி, வளையை முழுதாகத் திறந்தார்.

பிறகு மேலே பார்த்துச் சிரித்தார்.

கிடைக்கும் ஒவ்வொன்றையும் தன் குழு இப்படித்தான் சந்தேகப்பட்டுச் சோதிக்கும் என்றார். அவசரப்பட்டு அறிவிப்பது தன் வழக்கமே இல்லை என்றார். நிருபர்கள் தலையாட்டினார்கள். கேமராக்கள் அவர் பக்கம் திரும்பின.

"கொஞ்சம் ஒதுங்கிக்கோம்மா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "படத்துல விழுற."

அவள் ஒதுங்கினாள்.

கரணையைத் திரும்ப வாங்க நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.