கொல்லை வழியில் முள்

"அம்மா, கொளஞ்சிநாதன் மாமா வழியில முள்ளு வெட்டிப் போட்டுட்டாரு. தூரத்துலயே பாத்துட்டு நாங்க எல்லாரும் திரும்பிட்டோம்."

திங்கட்கிழமை காலையில் ஸ்கூலுக்குப் போன இளமதி, பாதியில் வந்து நின்றதும் அமுதவள்ளிக்குப் பகீரென்றது.

விருத்தாசலம் ஸ்கூலுக்கு, கொளஞ்சிநாதனின் கொல்லை நிலத்து வழியை விட்டால் மெயின் ரோடுதான். ரோட்டில் கரும்பு லாரியும் மணல் லாரியும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு பறக்கும். "ரோட்டு மேலதான் போவணும்னா படிப்பே வேணாம். பீங்கான் கம்பெனிக்கு உன்கூடவே இட்டுக்கினு போ" என்று அவள் புருஷன் விருத்தகிரி போன மாதமே சொல்லிவிட்டான். வேறு எதில் எப்படியோ, இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் அந்த மனுஷன் சொன்ன சொல் மாறமாட்டான்.

அமுதவள்ளி தினமும் சூளைச் சூட்டில் வேகிறாளே, மகளும் அங்கேயே வந்து வேகட்டும் என்றா?

"நீ அழுவாத. நான் போயி கேக்கறேன்."

கம்பெனியில் கூட வேலை செய்கிற நீலாவதியையும் கூட்டிக்கொண்டு, முள் தள்ளும் கவைக் கம்போடு கிளம்பினாள்.

முன்பெல்லாம் அந்தக் கொல்லை வழி ஒரு ஆள் நடக்கிற ஒற்றையடிப் பாதைதான். அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுத்ததும் பிள்ளைகள் அதில் ஓட்ட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு பால்காரர், கம்பெனிக்குப் போகும் பெண்கள், கடைசியில் டிவிஎஸ் 50-கள். ஐப்பசி மழையில் டயர் அறுத்து அறுத்துப் பாதை வாய்க்காலாகிப் போனது. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் யார் அதில் இறங்குவார்கள்? எல்லோரும் ஓரத்தில் வேர்க்கடலை போட்டிருந்த இடத்தில், மல்லாட்டைச் செடி மேலேயே ஏற்றி ஓட்டினார்கள்.

அமுதவள்ளியும்தான் ஓட்டினாள். ஆனால் அதெல்லாம் இப்போது அவள் நினைவுக்கு வருமா?

கொல்லையில் கருவேல முள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதற்குப் பின்னால் பள்ளம் நெடுக என்னவோ வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

"அடப்பாவி!" நீலாவதி வாயில் கையை வைத்தாள். "பீங்கான் ஓட்ட கொட்டியிருக்கான் பாருடி! எல்லாம் நம்ம கம்பெனியில ஒடஞ்ச ஃபியூஸ் கட்டை."

"நம்ம குப்பைய அள்ளியாந்து நம்ம புள்ளைவோ டயரையே கிழிக்கப் பாக்கறானா?"

"தோ பாரு, இந்தாண்ட மல்லாட்டை புடுங்க ஆரம்பிச்சிட்டான். புள்ளைவோ ரெண்டு காயி தின்னுடும்னு பயம். அதான் வழிய அடைச்சிட்டான்."

"இவ்வளவு கஞ்சத்தனமா ஒரு மனுசனுக்கு!"

அமுதவள்ளிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வெறி வந்ததோ. கம்பால் முள்ளை நெம்பி நெம்பி, பக்கத்தில் செடி பிடுங்கிக் கிடந்த வெறுந்தரையில் வீசினாள். கை கிழிந்தது. அதைப் பார்க்கவில்லை. நீலாவதி பள்ளத்திலிருந்த பீங்கான் ஓட்டையெல்லாம் கொல்லையோரம் கிடந்த முறத்தால் வாரி அந்த முள் மேலேயே கொட்டினாள்.

வேலை முடிகிற நேரத்துக்கு, ஒரு மாட்டு வண்டி நிறையச் செம்மண்ணோடு கொளஞ்சிநாதன் வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்து, வண்டியை விட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அமுதவள்ளி அவரைப் பேச விடவில்லை.

"ஏண்ணே, பொட்டப்புள்ளைவோ சைக்கிள் ஓட்டினா உங்க கொல்லை கரைஞ்சா பூடும்? நாலு செடி போச்சின்னு எம் பொண்ணு படிப்புல மண்ணப் போடுறீங்களே, நல்லா இருப்பீங்களா? நீங்களும் ரெண்டு புள்ளைய பெத்தவருதானே?"

"ஓட்டையெல்லாம் வாரிட்டியாம்மா?"

"வாராம? டயரு கிழியட்டும்னு வுட்டுடுவோமா?"

கொளஞ்சிநாதன் மெதுவாக இறங்கி, மாட்டை அவிழ்த்துவிட்டார்.

"கிழிக்கறதுக்கு இல்லம்மா. எவ்வளவு மண்ணு கொட்டினாலும் மழைக்குக் கரைஞ்சி போவுது. அடியில ஓடு கெடந்தா மேல போடற மண்ணு புடிச்சிக்கும். கொஞ்ச நாளைக்கி வண்டி ஏறாம இறுகட்டும்னுதான் முள்ளு போட்டேன். அப்பறம் ஊரே ஓட்டினாலும் பள்ளம் வுழாது."

நீலாவதி முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அமுதவள்ளிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் இவ்வளவு பேசிவிட்டு எப்படி இறங்கி வருவது?

"அதெல்லாம் சரிண்ணே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

"காலையில புள்ளைவோ வர நேரத்துக்கு இங்க நின்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். மண்ணு ஏத்துற எடத்துல நேரமாயிடுச்சி. என் தப்புதான்."

அவர் தப்பு என்று சொன்னதும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது.

"நீங்க பாட்டுக்கு இறுகட்டும்னுட்டீங்க. அது இறுகற வரைக்கும் எம் பொண்ணு லாரிக்கு நடுவுலயா போவும்? அவுங்கப்பன் அனுப்பமாட்டான்ணே. இதோட அவ படிப்பே நின்னுடும். அத நெனச்சிப் பாத்தீங்களா நீங்க?"

கொளஞ்சிநாதன், அவள் வீசிய முள்குவியலைப் பார்த்தார்.

"நெனச்சிப் பாத்துதாம்மா நேத்து பூரா பிஞ்சும் பூவுமா மல்லாட்டைய புடுங்கி புதுசா வழி வுட்டேன். அது மேலதான் நீ முள்ளத் தூக்கிப் போட்டிருக்கற."